உடைந்த கியருக்கு மாற்று: ஒட்டுவதா, வார்ப்பதா, வெட்டுவதா?

மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சிறிய பட்டறையில் ஒரே ஒரு லேத், அதாவது கடைசல் இயந்திரம், இருக்கிறது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட அந்த இயந்திரம் முதலில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் இருந்தது. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டபோது அந்த ஆலைக்கு வேலை இல்லாமல் போய், உள்ளே இருந்த சாமான்களெல்லாம் ஏலத்துக்கு வந்து, இரண்டு கை மாறி அது என்னிடம் வந்து சேர்ந்தது. செம்பனை ஆலைகளிலிருந்து வரும் பம்ப் ஷாஃப்ட், தோட்டத்து டிராக்டரின் தேய்ந்த புஷ், லோரி டிரெய்லரின் அச்சு என்று இந்த ஊரில் கிடைக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு லேத்தை நம்பித்தான் நடக்கின்றன. அதன் இடப்பக்க மூடிக்குள் சுழலும் கியர்களில் ஒன்று, 42 பற்கள் கொண்டது, அண்மையில் மூன்று பற்களை இழந்தது. அதற்கு மாற்றாக எதைச் செய்வது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அந்த இரண்டு வாரத்தில் நான் எடைபோட்டுப் பார்த்த வழிகளை, இதே நிலையில் நிற்கும் இன்னொரு பட்டறைக்காரருக்கு உதவும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். பற்சக்கரம் என்பது நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் பட்டறையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை என்பதால் கியர் என்றே எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்வதானாலும் அதற்கு முன் உடைந்த துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். என் கியர் வார்ப்பிரும்பால் ஆனது. மூன்று பற்களின் உடைந்த முகங்களில் இரண்டு, சர்க்கரையை உடைத்தாற்போலப் பளிச்சென்ற சாம்பல் நிறத்தில் இருந்தன. மூன்றாவது முகத்தில் பாதி மட்டுமே அப்படி இருந்தது. மறுபாதி எண்ணெய் ஊறிக் கறுத்துப்போயிருந்தது. கறுத்த பாதி என்றோ விரிசல் விட்டு, அதற்குள் எண்ணெய் இறங்கி, பல நாள் அப்படியே ஓடியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அதாவது இந்த உடைப்பு அன்றைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. முன்பு ஒரு முறையாவது இந்தக் கியர் அடி வாங்கியிருக்கிறது.

தோட்டத்து ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் மாலையில் பட்டறைப் பக்கம் வந்து உட்காருவார். அவரிடம் கியரைக் காட்டினேன். அதை வாங்கிப் பார்க்காமலே, “பின்னைப் பார்த்தியா தம்பி?” என்று கேட்டார். வெட்டும் கருவியை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்குருவின் தலைப்பக்கம் ஒரு குறுக்குப் பின் உண்டு. கருவியைத் தாங்கி நகரும் கேரேஜ் தவறிப்போய், வேலைப் பொருளைப் பிடித்துச் சுழலும் சக்கில் மோதினால் முதலில் அறுந்து, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றுவதற்காகவே அது மெல்லிய பித்தளையில் வைக்கப்படுகிறது. நான் அதைத் தட்டி வெளியே எடுத்தபோது வந்தது பித்தளை அல்ல, உடைந்த டிரில் பிட்டின் தண்டு. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ, அடிக்கடி அறுந்து தொல்லை தருகிறதே என்று, எந்நாளும் அறாத ஒன்றை அங்கே செருகிவிட்டிருக்கிறார். அறுந்திருக்க வேண்டிய பின் அறாததால் அடி முழுவதையும் கியரின் பற்கள் வாங்கிக்கொண்டன. இது தெரிந்த பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. அதுவரை எது பலமான கியர் என்று தேடிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, அடுத்த முறை அடி விழுந்தால் எது உடைய வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்கேற்ற கியரைத் தேடத் தொடங்கினேன்.

முதல் வழி, எதையும் செய்யாமலிருப்பது. கேட்கச் சோம்பேறித்தனமாகத் தோன்றினாலும் இதற்குக் கணக்கு உண்டு. இந்தக் கியர் வரிசை சக் சுழற்சியை லீட் ஸ்குருவுக்குக் கொண்டுசெல்கிறது. மரை வெட்டும்போதுதான் அதன் விகிதம் துல்லியமாக இருக்க வேண்டும். வெறுமனே தானியங்கியாகக் கடைவதற்கு, இயந்திரத்தோடு வந்த மற்ற கியர்களில் இடைவெளியை நிரப்பக்கூடிய எதை மாட்டினாலும் போதும். ஃபீட், அதாவது கருவி நகரும் வேகம், சற்றுக் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். நான் அப்படி ஒன்றை மாட்டி மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டேன். மரை வெட்டும் வேலைகளை மட்டும் தள்ளிவைத்தேன். ஆனால் பம்ப் ஷாஃப்ட் வேலை பெரும்பாலும் முனையில் ஒரு மரையோடுதான் வரும் என்பதால், இந்த வழி எனக்குச் சில நாள் அவகாசம் தந்ததே ஒழியத் தீர்வு தரவில்லை. அவகாசமும் பெரிய விஷயம்தான். அவசரத்தில் எடுத்த முடிவுகளால்தான் அந்த டிரில் பிட் அங்கே போயிருக்கும்.

அசல் உதிரிப் பாகத்தைத் தேடி வாங்குவது இரண்டாவது வழி. இந்த வகை லேத்துக்கு வெளிநாட்டில் பழைய சாமான் விற்பவர்களிடம் கியர்கள் கிடைக்கலாம். தபால் செலவையும் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்தால் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஈப்போவில் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் முழுவதும் அலைந்தேன். கடை முதலாளியான ஒரு தவுக்கே பின்கட்டில் குவித்து வைத்திருந்த கியர்களை வாளியில் அள்ளிக் காட்டினார். என்னுடையதோடு அளவு ஒத்ததாகத் தோன்றிய ஒன்றைப் பல்லோடு பல் வைத்து உருட்டிப் பார்த்தேன். நான்காவது பல்லிலேயே ஏறி நின்றுவிட்டது. இந்த வழியை யாரும் இழிவாக நினைக்க வேண்டாம். அதிர்ஷ்டம் இருந்தால் இதைவிட மலிவானது கிடையாது. ஆனால் அதிர்ஷ்டத்துக்கு முன்னால் அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அளவு விஷயத்தில் நான் செய்த பிழையைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் நான் கியர் வெட்டும் கடை ஒன்றுக்குப் போன் செய்து, 42 பல், ஒன்றரை மாடியூல் என்று சொல்லிவிட்டேன். இன்றைய இயந்திரங்களில் பெரும்பாலானவை பல்லின் அளவை மில்லிமீட்டரில் சொல்லும் மாடியூல் கணக்கில் வருவதால் கண்மதிப்பில் அப்படித் தோன்றியது. மாடியூல் கியரின் வெளிவிட்டம், பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாடியூலால் பெருக்கக் கிடைக்கும். எனவே அவர்கள் செய்தால் 44 பெருக்கல் 1.5, அதாவது 66 மில்லிமீட்டர் கியர் வரும். போனை வைத்ததுமே சந்தேகம் வந்து, பழைய கியரை வெர்னியரில் அளந்தேன், 69.8 இருந்தது. அங்குலத்தில் அது இரண்டே முக்கால். 44-ஐ 2.75-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 16 வருகிறது. பழைய ஆங்கிலேய இயந்திரங்கள் டி.பி. என்ற கணக்கில், அதாவது ஓர் அங்குல விட்டத்துக்கு எத்தனை பற்கள் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. 16 டி.பி.யை மாடியூலாக மாற்றினால் 1.5875 வரும். அது ஒன்றரைக்குப் பக்கத்தில் இருப்பதால்தான் ஆளை ஏமாற்றுகிறது. உடனே மறுபடி போன் செய்து வேலையை நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, இரும்பை இன்னும் அறுத்திருக்கவில்லை.

டி.பி. தெரிந்தால் மட்டும் போதாது. பல்லின் சாய்வுக் கோணமும் தெரிய வேண்டும். பழைய கியர்களில் 14.5 டிகிரியும் பிற்காலத்தவற்றில் 20 டிகிரியும் காணப்படும்; இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஓடாது. இதற்குச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. தேய்மானம் குறைந்த இடமாகப் பார்த்து, வெர்னியரின் தாடைகளால் நான்கு பற்களைச் சேர்த்துப் பிடித்து அளக்க வேண்டும். அதே இடத்தில் ஐந்து பற்களைச் சேர்த்துப் பிடித்து மீண்டும் அளக்க வேண்டும். பெரிய அளவிலிருந்து சிறிய அளவைக் கழித்தால், 16 டி.பி. கியரில் 14.5 டிகிரியானால் 4.83 மில்லிமீட்டரும் 20 டிகிரியானால் 4.69 மில்லிமீட்டரும் வரும். எனக்கு 4.82 வந்தது. மூன்று இடங்களில் அளந்து பார்த்த பிறகே தாளில் 14.5 என்று எழுதினேன். எந்தக் கடைக்குப் போனாலும் பல் எண்ணிக்கை, டி.பி., கோணம், பல்லின் அகலம், நடுத் துளை, சாவிக்குழி ஆகிய ஆறையும் ஒரே தாளில் எழுதி, உடைந்த கியரையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது. என் கியரின் துளை ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், அதை 25 என்று எழுதினால் கியர் ஷாஃப்ட்டில் ஏறவே ஏறாது.

மூன்றாவது வழி, உடைந்த பற்களை மீண்டும் கட்டுவது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் மூத்தவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள். உடைந்த இடத்தில் பித்தளைக் கம்பியால் பிரேசிங் செய்து, மேடாக ஏற்றி, பிறகு அரத்தால் பல் வடிவத்துக்குக் கொண்டுவருவது. வார்ப்பிரும்பை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி ஒட்டுவதால், மின்வெல்டிங்கில் வருவதுபோல ஓரத்தில் கண்ணாடி மாதிரி இறுகி வெடிக்கும் ஆபத்து இதில் குறைவு. ஆனால் இதில் வேலையின் பெரும்பகுதி சுத்தம் செய்வதுதான். பல ஆண்டு எண்ணெய் குடித்த வார்ப்பிரும்பைக் கிரைண்டரில் தேய்த்தால் உள்ளே இருக்கும் கரி மேலே மெழுகினாற்போலப் படிந்து, பித்தளை பிடிக்காமல் உருண்டு ஓடும். ஆகவே அரத்தால்தான் புதுமுகம் எடுக்க வேண்டும். கியர் முழுவதையும் மெல்லச் சூடாக்கி, வேலை முடிந்ததும் காற்றுப் படாமல் உலர்ந்த சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். செம்பனை ஆலைக் கொதிகலனில் நாரும் ஓடும் எரிந்த சாம்பல் எங்களுக்கு மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். இதற்கு அதுவே போதும்.

பெரியவர் இந்த வேலையை எனக்காகச் செய்து காட்டினார். பல் வடிவத்துக்கு அவர் எந்தக் கருவியும் பயன்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்த நல்ல பற்களின் மேல் மெல்லிய தகட்டை வைத்துக் கீறி, அந்த வடிவத்தில் வெட்டி, அதையே அளவாக வைத்து மூன்று பற்களையும் அராவினார். ஒரு பல்லுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓடவிட்டபோது சுற்றுக்கு ஒரு முறை ‘டொக்’ என்று சிறு ஓசை கேட்டது, மற்றபடி ஓடியது. பொருட்செலவு மிகக் குறைவு, ஆள்செலவு அதிகம் என்பதே இந்த வழியைப் பற்றிய என் மதிப்பீடு. சட்டியளவு பெரிய கியரில் இரண்டு மூன்று பற்கள் மட்டும் போயிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. என்னுடையதைப் போன்ற சிறிய கியரில், கட்டிய பற்களுக்கு அப்பால் மீதி 39 பற்களும் தேய்ந்தவையாகவும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளவையாகவும் இருக்கலாம் என்ற ஐயம் எஞ்சிவிடுகிறது.

வார்ப்படம் எடுப்பது நான்காவது வழி. கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயச் சுரங்கங்கள் ஓடிய காலத்தில், சுரங்கப் பம்புகளுக்கும், மிதந்தபடியே ஈய மண்ணைத் தோண்டும் கப்பல்களுக்கும் பாகம் வார்த்துத் தருவதே தொழிலாக வளர்ந்த பட்டறைகள் ஈப்போவைச் சுற்றி இருந்தன. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் அந்தத் தொழில் முற்றிலும் போய்விடவில்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால் மாதிரியை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். கடைந்தெடுக்க வேண்டிய முகங்களுக்கு அதற்கும் மேலே கொஞ்சம் சதை விட வேண்டும். உடைந்த பாகத்தின் மேலேயே புட்டி பூசிப் பெரிதாக்கி அதையே மாதிரியாகக் கொடுப்பவர்களும் உண்டு. பேரிங் வீடு, கைகள் வைத்த புல்லி, வளைந்த பிராக்கெட் போன்றவற்றுக்கு இது சிறந்த வழி. என் கியருக்கோ இதனால் எந்த ஆதாயமும் இல்லை. வார்த்து வந்தாலும் பற்களை வெட்டித்தான் ஆக வேண்டும்; 70 மில்லிமீட்டர் வட்டம்தானே, அதற்கு வார்ப்பிரும்புக் கம்பியாகவே கடையில் அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் அச்சு, அதாவது 3டி பிரிண்டரில் கியரை அடித்தெடுப்பது என்ற வழியைத் தங்கை மகன் கொண்டுவந்தான். ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக்கில் படிக்கிறான். “மாமா, அளவை மட்டும் சொல்லுங்க, நாளைக்கே கொண்டாறேன்,” என்றான், சொன்னபடியே கொண்டுவந்தான். நான் எழுதி வைத்த ஆறு அளவுகளைக் கணினியில் போட்டதும் கியர் வடிவம் தானே வந்துவிட்டதாம். முதலில் பி.எல்.ஏ. என்ற பொருளில் அடித்திருந்தான். அது 60 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும் பொருள். தகரக் கூரையின் கீழே, மூடிக்குள்ளே, உராய்வோடு ஓடும் கியருக்கு அது ஒத்துவராது என்று சொன்னதும் நைலானில் மறுபடி அடித்தான். நைலான் கியரைப் பற்றி நான் ஏளனமாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மாட்டி ஓடவிட்டபோது இயந்திரம் இத்தனை ஆண்டுகளில் இல்லாத அமைதியோடு ஓடியது. சிறு மரைகளை அதை வைத்தே வெட்டினேன். பெரிய இடைவெளி மரைகளுக்கு மட்டும் துணியவில்லை. மரையின் இடைவெளி கூடக்கூட லீட் ஸ்குரு வேகமாகச் சுழல வேண்டும், அதற்கேற்பக் கியர் பற்களின் மேல் சுமையும் கூடும். மோதல் நேர்ந்தால் நைலான்தான் முதலில் சிதையும். அது குறையல்ல, எனக்கு அதுதான் வேண்டும்.

கடைசி வழி, புதிதாகக் கியர் வெட்டிக்கொள்வது. இங்கே உள்ள கேள்வி எந்த இரும்பில் என்பதுதான். மெங்லெம்பு பக்கம் நான் அணுகிய கடைக்காரர் எஸ்45சி எஃகில் செய்து, பற்களைக் கெட்டிப்படுத்தியும் தருவதாகச் சொன்னார். வாழ்நாள் முழுவதும் தேயாது என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் இந்தக் கியரோடு ஓடும் அடுத்த கியர், கியர் பெட்டிக்குள் ஷாஃப்ட்டோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் பழைய வார்ப்பிரும்புக் கியர். வெளியே இருப்பதை எஃகாக மாற்றினால், அடுத்த மோதலில் உடைவது உள்ளே இருப்பதாக இருக்கும். வெளியே இருப்பதைக் கழற்ற ஒரு ஸ்பேனரும் பத்து நிமிடமும் போதும். உள்ளே இருப்பதைக் கழற்ற இயந்திரத்தைப் பாதி பிரிக்க வேண்டும். ஆகவே பழையபடி வார்ப்பிரும்பிலேயே செய்யச் சொன்னேன். விற்பவர் சற்று ஏமாற்றத்தோடுதான் ஒப்புக்கொண்டார்.

பல் வெட்டுவதற்கான வெறும் வட்டை நானே கடைந்து கொடுத்தேன். கியர் உடைந்த லேத்தில் அதே கியருக்கான வட்டைக் கடைய முடியுமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக முடியும், தானியங்கி ஓட்டத்துக்குத்தான் அந்தக் கியர் வேண்டும், கைப்பிடியைச் சுற்றிக் கடைவதற்கு அது தேவையே இல்லை. துளையையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடிப்பில் முடித்துவிட்டால் பற்கள் துளைக்கு மையமாக அமையும். பல் வெட்டுவதை மட்டும் வெளியே கொடுத்ததால் செலவு பாதிக்குக் கீழே வந்தது.

மில்லிங் மெஷினும், ஒரு சுற்றைச் சம பங்குகளாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டும் வைத்திருப்பவர் அதையும் தாமே செய்யலாம். கைப்பிடியை 40 சுற்றுச் சுற்றினால் வட்டு ஒரு சுற்றுச் சுழலும் வழக்கமான டிவைடிங் ஹெட்டில், 42 பற்களுக்கு 21 துளை வட்டத்தில் 20 துளை நகர்த்த வேண்டும், 16 டி.பி., 14.5 டிகிரி பல்லுக்கு வெட்டு ஆழம் 0.1348 அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.42 மில்லிமீட்டர். கட்டர் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். டி.பி. கட்டர்களில் 35 முதல் 54 பற்கள் வரை வெட்டுவது 3-ஆம் எண். மாடியூல் கட்டர்களில் எண்வரிசை தலைகீழாகச் செல்வதால் அதே பற்களுக்கு 6-ஆம் எண் வரும், 3-ஆம் எண் என்பது 17 முதல் 20 பற்கள் வரை வெட்டும் கட்டர். எண்ணை மட்டும் சொல்லி வாங்கியவர்கள் பலர் இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செலவில் பிரேசிங்கும் நைலானும் கீழே, நானே வட்டைக் கடைந்து கொடுத்த வார்ப்பிரும்புக் கியர் அவற்றுக்கு மேலே, கெட்டிப்படுத்திய எஃகும் வெளிநாட்டு அசலும் எட்டாத உயரத்தில் இருந்தன. கால அளவில் நைலான் ஒரு நாள், பிரேசிங் இரண்டு நாள், வெட்டிய கியர் ஒரு வாரம். ஒரே இயந்திரத்தை வைத்துப் பிழைப்பவருக்குக் காலமும் காசுதான். ஆகவே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வெட்டிய கியர் வரும் வரை நைலானை ஓட்டினேன்.

புதுக் கியர் வந்த அன்று, அதற்கும் அடுத்த கியருக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து உருட்டி, நெருக்கம் பார்த்துப் போல்ட்டை இறுக்கினேன். காகிதம் கிழியாமல், மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. பெரியவர் கட்டிக் கொடுத்த பழைய கியரும் நைலான் கியரும் மூடியின் உட்புறத்தில் ஆணியில் தொங்குகின்றன. லீட் ஸ்குருவில் இப்போது பித்தளைப் பின் இருக்கிறது. அதே கம்பியில் அறுத்த இன்னும் ஆறு பின்களை ஒரு பால் டின்னில் போட்டு, அந்த டிரில் பிட்டின் தண்டைக் குப்பையில் எறிந்துவிட்டேன்.